சாம்பியனுக்கு ஒரு கிண்ணம் கொள்ளு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் லயம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தேர்தல் எதுவும் வரவில்லை. ஒரு குதிரை வந்திருந்தது.

மலாக்காவில் செலண்டாருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டித் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பாதிப் பேர் டவுனுக்குப் போய் வேலை பார்த்தாலும், வீட்டை மட்டும் மாற்றாமல் பதினாலு குடும்பம் அங்கேயே இருந்தோம். ஆடு, மாடு, கோழி எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. குதிரை என்றால் எல்லையில் முனியாண்டி கோயில் வாசலில் நிற்கும் சிமெண்டுக் குதிரை ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை பெயிண்டு அடிப்பார்கள். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் அதன் காலில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள்.

உயிருள்ள குதிரையைக் கொண்டுவந்தது என் மாமா, அம்மாவின் தம்பி. கோலாலம்பூர் பக்கம் பந்தயக் குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் சைஸ் வேலையில் இருந்தார். குளிப்பாட்டுவது, தீனி போடுவது, காலுக்குக் கட்டுப் போடுவது, ஓடி முடித்து வந்தால் பக்கத்திலேயே நடந்து வேர்வையை ஆற்றுவது, இதெல்லாம் அந்த வேலை. குதிரையின் முதலாளி தெங்கேராவில் பெயிண்டுக் கடை வைத்திருந்த சீனர். தவுக்கே என்றுதான் எல்லோரும் சொல்வோம். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு டுரியான் தோப்பு இருந்தது. குதிரையின் முன்னங்காலில் நரம்பு வீங்கிவிட்டதால் மூன்று மாதம் ஓய்வு கொடுக்கச் சொல்லி, அந்தத் தோப்பில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, குதிரையையும் மாமாவையும் அத்தையையும் லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

குதிரைக்கு ஏதோ ஒரு பந்தயப் பெயர் இருந்தது. எங்களில் யார் வாயிலும் அது நுழையவில்லை. பெரிய கோப்பைகளை ஜெயித்த குதிரை என்று மாமா சொன்னதால் சாம்பியன் என்றே கூப்பிட்டோம். தவிட்டு நிறம், நெற்றியில் வெற்றிலை அளவுக்கு ஒரு வெள்ளை. லாரியிலிருந்து இறங்கியதும் அது எங்களைப் பார்த்த பார்வையில், நாங்கள்தான் ஏதோ காட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் போல எனக்குக் கூச்சமாகிவிட்டது.

தவுக்கே ஒரு கேள்வியையும் குதிரையோடு சேர்த்தே அனுப்பியிருந்தார். மூன்று மாதம் கழித்து இது மறுபடி ஓடலாமா, இல்லை ஓட்டத்தை நிறுத்திவிடலாமா? நீதான் கூடவே இருக்கிறாய், நீயே சொல் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமாவிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை எங்கள் லயம் முழுதாக எடுத்துக்கொண்டது.

ஓட வேண்டும் என்ற கட்சிக்கு அப்பா தலைவர். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே ஒரு வகை லாரிதான்.

"ஓடுற வரைக்கும்தான் மச்சான் லாரி. நிறுத்திட்டா இரும்புக்கடைதான்லா" என்று மாமாவிடம் சொல்வார். 

நிறுத்த வேண்டும் என்ற கட்சிக்கு அம்மா. ஜெயித்த குதிரையைச் சும்மா விட்டால் அது குட்டிகளுக்குத் தகப்பனாகும், அதன் ரத்தத்தில் இன்னும் பத்து சாம்பியன் பிறக்கும், வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று முன்பு தோட்ட ஆபீசில் கணக்கு எழுதிய பக்கத்து வீட்டுக் கிராணி தாத்தா பேப்பரில் படித்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னால் எங்கள் லயத்தில் அப்பீல் கிடையாது. அப்பா விடவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன், எதற்குக் கவலை என்றார். "அது யானைக்கு மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா குதிரையின் காலுக்குத் தண்ணீர் அடிக்கப் போய்விட்டார்.

நான் அம்மா கட்சி. கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. பத்து குட்டி பிறந்தால் அதில் ஒன்று எனக்குத்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்குச் சவாரி செய்ய அனுமதியும் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஒருநாள் மாமா காலுக்குத் துணி சுற்றும்போது நான் பக்கத்தில் குந்தியிருந்து, ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மாமா பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் அதிகம் பேச மாட்டார். இந்த நரம்பு இன்னொரு தடவை போனால் கால் நிற்காது, கால் நிற்காத குதிரைக்கு மைதானத்திலேயே ஊசி போட்டுவிடுவார்கள் என்றார். என்ன ஊசி என்று கேட்டேன். தூங்குகிற ஊசி என்றார். எழும்பாத தூக்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அப்பா மேல் கோபம். சோறு போடும்போது அவர் தட்டில் கறி குறைவாக வைத்துப் பழிவாங்கினேன். அவர் கவனிக்கவே இல்லை, அது இன்னும் கோபம்.

மாமா ஒரு கண்டிப்பான சட்டம் போட்டிருந்தார். குதிரைக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது, உதைத்தால் உயிர் போகும். கொட்டகைக்குக் குறுக்கே ஒரு கயிறும் கட்டினார். முகத்துப் பக்கம் நின்று பார்க்கலாம், நெற்றியைத் தடவலாம், அவ்வளவுதான். நாங்களும் அப்படியே செய்தோம். சாம்பியன் என்றால் யாரும் அண்ணாந்துதானே பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. லயத்துப் பெண்களுக்கு இது தீராத பேச்சு. தண்ணீர்க் குழாயடியில் யாராவது ஆரம்பித்து, கேள்வியை மெல்ல மாமா பக்கம் திருப்பப் பார்ப்பார்கள். அதற்குள் அத்தை முந்திக்கொள்வாள். "எனக்குத்தான்க்கா குறை. டாக்டரே சொல்லிட்டாரு. அவரு பாவம்" என்பாள், காய்கறி விலை சொல்கிற மாதிரி. அதற்கு மேல் யாருக்கும் கேட்க ஒன்றும் இருக்காது.

அப்படிப்பட்ட அத்தை, வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒரு கிண்ணம் ஊறவைத்த கொள்ளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். குதிரையின் நெற்றி வெள்ளையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். உள்ளங்கையில் கொள்ளை வைத்து நீட்டினாள். சாம்பியன் உதட்டாலேயே பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. பிறகு கொட்டகைத் தூணில் ஒரு மஞ்சள் கயிறு கட்டினாள்.

அவ்வளவுதான். அடுத்த வெள்ளி நான்கு பெண்கள். சிமெண்டுக் குதிரையே வரம் கொடுக்கும்போது, கோப்பை ஜெயித்த உயிர்க்குதிரை கொடுக்காதா என்பது லயத்துப் பெண்களின் கணக்கு. அதற்கடுத்த வெள்ளிக்குப் பாயா ரும்புட்டிலிருந்து ஒரு அக்கா புருஷனோடு காரில் வந்தார். தூணில் கயிறு கட்ட இடமில்லை. மாமா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெண்கள் அவரைப் பூசாரி மாதிரி நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு தடவை அவர் அத்தையிடம், "போதும், விடு" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தை, "என் வேண்டுதல், உங்களுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தவுக்கே வந்தார். மத்தியானம். லயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தோப்புக்கு வந்துவிட்டார்கள். கிராணி தாத்தா நாற்காலியோடு வந்தார். தவுக்கே குனிந்து குதிரையின் காலைத் தொட்டுப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், மாமாவிடம் தனியாகப் பேசினார். மாமா தலையை ஆட்டுவது தெரிந்தது. ஆமாம் என்றா, இல்லை என்றா, தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவள் நான். ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை, தவுக்கேயின் முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். தவுக்கே, இதை ஓடவிடாதீர்கள், கால் போய்விடும், ஊசி போட்டுவிடுவார்கள், இது இங்கேயே இருக்கட்டும், நிறைய குட்டிகளுக்கு அப்பாவாகட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தவுக்கே நல்ல மனிதர். முதலில் கவனமாகத்தான் கேட்டார். அப்பாவாகட்டும் என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இனி குடா சுடா போத்தோங்லா, கேர்ள்" என்றார். "மானா போலே டாபாட் அனாக்."

இது வெட்டின குதிரை, இதற்கு எங்கேயிருந்து பிள்ளை வரும்? மலாய் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, என்னைத் தவிர. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிராணி தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆடு வளர்த்தவர்களும் மாடு வளர்த்தவர்களுமான அத்தனை பேரும் மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார்கள். பிறகு, சொல்லி வைத்தது போல எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அத்தை கொள்ளுக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் குதிரையைப் பார்க்கவில்லை, தவுக்கேயையும் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மாமாவின் சட்டத்தை மறந்து சாம்பியனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான்கு கால் இருந்தது. இரண்டு காது இருந்தது. வால் முழுதாக இருந்தது. எதை வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்டின இடத்தைக் கண்டுபிடித்தால் மருந்து போட்டுவிடலாம் என்று கூட நினைத்தேன். அம்மா வந்து என் காதைப் பிடித்து இழுத்துப் போய்ப் பெண்களுக்கு நடுவில் நிறுத்தினாள்.

தவுக்கே சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். இன்னும் ஒரு சீசன் ஓடுமா? மாமா வாயைத் திறந்தார்: ஓடவிட்டால் ஓடும், ஆனால் திரும்பி வராது. தவுக்கே, அப்படியென்றால் நான் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அப்பாவுக்கு எப்போதும் ஒரு கெட்ட பழக்கம். யாராவது மலாயில் ஒன்று சொன்னால் அதைத் தமிழில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

"சரிதானே மச்சான். ஓடவும் மாட்டான், புள்ளையும் குடுக்க மாட்டான். அப்பறம் எதுக்குத் தீனி?" என்றார்.

"புள்ள குடுத்தாதான் சோறு போடுவீங்களாண்ணே?"

அத்தைதான் கேட்டாள். கத்தவில்லை. ஆனால் அவள் குரல் அப்படி நடுங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "புள்ள குடுக்கலன்னா அவ்வளவுதானா? இத்தன வருஷம் ஓடி ஓடி எல்லாருக்கும் ஜெயிச்சுக் குடுத்திச்சே, அது கணக்குல இல்லையா? அதுவா போயி வெட்டிக்கிச்சு?"

அப்பாவின் முகம் செத்துப்போனது. இல்லம்மா, நான் சொன்னது வந்து, என்று ஏதோ ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் அதையும் விழுங்கிவிட்டார். குழாயடியில் பேசுகிற பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். பாவம், தன் குறையை நினைத்துப் பேசுகிறாள் என்று ஒருத்தி என் தலைக்கு மேலேயே சொன்னாள்.

அத்தை தவுக்கேயிடம் திரும்பி, குதிரை இங்கேயே இருக்கட்டும், புல்லுக்குக் காசு கிடையாது, கொள்ளு நான் போடுகிறேன் என்று உடைந்த மலாயில் சொன்னாள். தவுக்கே தலையைச் சொறிந்தார். குதிரையைப் பார்த்தார், தூணில் இருந்த அத்தனை மஞ்சள் கயிற்றையும் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். கிராணி தாத்தா மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். சரி, தோப்பைப் பார்த்துக்கொள்ள எனக்கும் ஆள் வேண்டும்தான், இருவரும் குதிரையோடு இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஆக, ஓடுகிற கட்சியும் தோற்றது, குட்டி போடும் கட்சியும் தோற்றது. சாம்பியன் மட்டும் ஜெயித்தது. அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்தத் தோப்பில் புல் மேய்ந்து, டுரியான் விழும் சத்தத்துக்கெல்லாம் பயந்து துள்ளி, வயிறு பெருத்து, கிழவனாகித்தான் செத்தது.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது, "எதைம்மா வெட்டினாங்க?" என்று கேட்டேன். குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறது உன் கதை என்று அம்மா என்னைத் திட்டிவிட்டு, திட்டு முடியாமல் மிச்சத்தை அப்பாவுக்குக் கொடுத்தாள். அப்பா மறுநாள் டவுனிலிருந்து ஒரு பெரிய பை கொள்ளு வாங்கி வந்து, அத்தையின் வாசலில் வைத்து, தப்பாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். அத்தை சிரித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனாள்.

பாயா ரும்புட் அக்காவுக்கு மறுவருடம் ஆண் குழந்தை பிறந்தது. காரில் வந்து லயம் முழுக்க லட்டு கொடுத்து, சாம்பியன் கழுத்தில் மாலை போட்டு, புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

இன்னொரு ரகசியம் இருந்தது. அது எனக்குத் தெரியவந்தது நான் கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்த பிறகு. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள். குறை அத்தைக்கு இல்லை, மாமாவுக்கு. கல்யாணமான இரண்டாவது வருடமே இரண்டு பேரும் டாக்டரிடம் போய்த் தெரிந்துகொண்டார்கள். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கேட்டால் எனக்குத்தான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அத்தைதான் சத்தியம் வாங்கினாளாம். லயத்துக்கு வந்ததும் குழாயடியில் பேச்சு மாமாவைச் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அதற்காகத்தான் அந்த ஈரத்தலையும் மஞ்சள் கயிறும். குதிரை விஷயமும் அவளுக்கு முதல் நாளே தெரியும், மாமா அவளிடம் எதையும் மறைக்க மாட்டார் என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அம்மா என் காதை விட்டதும் நான் நழுவிக் கொட்டகைக்குத் திரும்பிப் போயிருந்தேன். எல்லோரும் அத்தையைச் சுற்றி நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமாவைப் பார்க்க ஆளில்லை. அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம், சாம்பியனின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். குதிரை அசையாமல் நின்றது. பெரிய ஆண் ஒருவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குட்டி வராது என்று தெரிந்த ஏமாற்றம் என்று நினைத்தேன். எனக்கும் அதே ஏமாற்றம்தான், அதனால் அவர் மேல் ரொம்பப் பாசமாகிவிட்டது. பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதீங்க மாமா. அத்தைக்கு வேற குதிரை வாங்கிக்கலாம். குட்டி குடுக்கிற குதிரையா பாத்து வாங்கலாம்" என்றேன்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தூரத்தில் அத்தை பெண்களை விலக்கிக்கொண்டு கிண்ணத்தோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதையே பார்த்துக்கொண்டு மாமா என் தலையில் கை வைத்தார்.

"உங்க அத்தைக்கு இதுவே போதுமாம், கண்ணு" என்றார்.

அத்தைக்குக் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன்.